அடுக்குப் பானையில் ஒரு மாவட்டம்

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய சமையலறைகளில் ஒரு மூலையில் அடுக்குப் பானை இருக்கும். அடியில் பெரிய பானை, அதன் வாயில் அதைவிடச் சிறியது, உச்சியில் ஒரு சின்னக் கலயம். ராகி, சோளம், கொள்ளு எல்லாம் அதில்தான். மக்கள்தொகையியல் எப்படி இயங்குகிறது என்று யாராவது கேட்டால் அந்த அடுக்கைத்தான் நான் காட்டுவேன்.

அடிப்பானையில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அடுத்ததில் ஐந்து முதல் ஒன்பது வரை. இப்படி ஐந்தைந்து வயதாக ஏறினால் உச்சியில் எண்பதைத் தாண்டியவர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாப் பானைகளும் ஒரு படி ஏறும். அடியில் புதுப் பானை வந்து உட்காரும். அதை நிரப்புவது பிறப்பு. ஏற ஏற ஒவ்வொன்றிலும் குறைவது இறப்பு. நடுவில் எந்தப் பானையிலும் வெளியிலிருந்து கொட்டலாம், அள்ளிக்கொண்டும் போகலாம்; அது இடப்பெயர்வு. ஓர் ஊரின் மக்கள்தொகை மாற இந்த மூன்று வழிதான். எந்தப் பானை எதனால் ஒடுங்கியது, அதனால் எத்தனை பள்ளி மூடும், எத்தனை பேருக்கு முதியோர் ஓய்வூதியம் வேண்டும் என்பதெல்லாம் இந்தப் படிப்பின் எல்லைக்குள் வரும்.

இறப்பு இந்த அடுக்கை எப்படிக் குறைக்கும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு: 1871இல் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19.67 லட்சம் பேர். தர்மபுரி, கிருஷ்ணகிரியும் அப்போது அதில் அடக்கம். 1881இல் எண்ணியபோது 16 லட்சம்தான். இடையில் வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்தில் கைக்குழந்தைகளும் முதியவர்களும் முதலில் சாவார்கள், பிறப்பும் குறையும். அடியும் உச்சியும் ஒருசேர அடிபடும்.

இடப்பெயர்வுதான் எண்ணுவதற்குச் சிரமமானது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போனவர் மாதக்கணக்கில் வடக்கே, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் இருப்பார். இங்கே பள்ளிபாளையம் விசைத்தறியிலும் நாமக்கல் கோழிப் பண்ணையிலும் வட மாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் வீட்டில் இல்லாதவரை, அவர் இருக்கும் இடத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி. நம் ஊர்க்காரர் சத்தீஸ்கர் கணக்கில் ஏறுவது இப்படித்தான்.

ஒவ்வொரு பானையிலும் ஆண் பாதி, பெண் பாதி என்று இரண்டு பக்கம் உண்டு. இயற்கையாக விட்டால் 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் பிறக்கும். 2001இல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் சேலத்தில் 851, நாமக்கல்லில் 889. குறைந்தவர்கள் எங்கும் குடிபெயர்ந்து போய்விடவில்லை. பிறந்ததும் கொல்லப்பட்டார்கள், பின்னாளில் ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே கலைக்கப்பட்டார்கள். பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தையை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. 2011இல் சேலம் 916க்கும் நாமக்கல் 914க்கும் ஏறின. இந்த ஏற்றத்துக்குப் பின்னால் கிராமச் செவிலியர்கள் வீடு வீடாக நடந்த நடையும் இருக்கிறது. ஆனாலும் இது 950 ஆகவில்லை. எண்ணிக்கையைப் புள்ளிவிவரம் என்று சொல்லிக் கடந்துபோக இந்த இடத்தில் எனக்கு மனம் வருவதில்லை.

ஒடுங்கிய பானை ஒடுங்கியபடியேதான் மேலே ஏறும். 2001இல் குழந்தைகளாக எண்ணப்பட்ட பையன்களுக்கு இப்போது கல்யாண வயது. பாலக்காட்டுப் பக்கம் வரை தரகர்கள் பெண் தேடிப் போகிறார்கள். பெண்களின் படிப்பு, நிலம், சாதி எல்லாம் இதில் காரணம்தான். ஆனால் அடியிலேயே இல்லாதவர்களைப் பிறகு எதைக் கொண்டு நிரப்புவது? இதற்கிடையே அடிப்பானையே தமிழ்நாடு முழுவதும் சிறுத்து வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, தலைமுறை குறையாமலிருக்க 2.1 வேண்டும்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 நிலவரத்தை வைத்து எண்ணப்போகிறார்கள். 2001இன் அந்தக் குழந்தைகள் அப்போது 26 முதல் 32 வயதுக்குள் இருப்பார்கள். சேலம், நாமக்கல் பட்டியல் வெளியானதும் நான் முதலில் பார்க்கப்போவது அந்த வயது வரிசையில் மணமாகாத ஆண்களின் எண்ணிக்கையைத்தான். அடுத்து, அடிப்பானையின் பெண் பக்கத்தை.