இணையப் பகிர்வும் படைப்பாளர் உரிமையும்: தோட்டப்புற இலக்கியத்தை முன்வைத்து

நெகிரி செம்பிலான் மாநிலத்துச் செண்டாயான் வட்டாரத்தில், தோட்டங்கள் இருந்த நிலப்பரப்பில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் நகரியம் எழுந்துள்ளது. பால்மரங்கள் மறைந்தபின், அவற்றை நம்பி வாழ்ந்தோரின் வாழ்வைக் காட்ட எஞ்சுவனவற்றுள் தோட்டப்புறக் கதைகளும் புதினங்களும் குறிப்பிடத்தக்கவை. அத்தகைய நூல்களை முழுமையாக வருடி, பிடிஎப் கோப்பாக்கி, வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதைத் தமிழ்த்தொண்டு எனக் கருதுவோர் உளர். இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இலக்கியப் படைப்புக்கான காப்பு ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். படியெடுத்தலும் பொதுமக்களிடம் சேர்த்தலும் உரிமையாளருக்கே உரியவை. இசைவின்றி வருடுதல் முதல் உரிமையையும், இணையத்தில் ஏற்றுதல் இரண்டாம் உரிமையையும் மீறுகின்றன. பொருளீட்டவில்லை என்பது மட்டுமே இம்மீறலை நீக்கிவிடாது.

மலாயாத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' புதினத்தை எடுத்துக்கொள்வோம். அவர் 1988இல் மறைந்தார். எனவே, மலேசியக் கணக்குப்படி 2038 இறுதி வரையிலும், 60 ஆண்டுக் காப்பளிக்கும் இந்தியச் சட்டப்படி 2048 இறுதி வரையிலும் அதற்குக் காப்புண்டு. 1921இல் மறைந்த பாரதியாரின் படைப்புகளோ எவரும் பகிரத்தக்க பொதுச்சொத்து. நூல் பழையது என்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடுவதில்லை.

கற்பித்தலுக்குச் சட்டம் இடமளிக்கவே செய்கிறது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்தாளும் அளவு, விற்பனைக்கு நேரும் பாதிப்பு ஆகிய நான்கும் கருதப்படும். ஆசிரியர் பெயரையும் மூலத்தையும் சுட்டிச் சில பக்கங்களை வகுப்பில் விளக்குவது வேறு. புதினம் முழுவதையும் பரப்புவது வேறு.

மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலர் சொந்தப் பணத்தில் நூலை அச்சிட்டு, வெளியீட்டு விழாவிலேயே பெரும்பகுதியை விற்கின்றனர். அச்செலவு மீளாவிடின் அடுத்த நூல் பிறப்பதரிது. அவ்வாறாயின், செண்டாயான் போன்ற ஊர்களின் கதை எழுதப்படாமலே போகக்கூடும்.

அச்சில் இல்லாத நூல்கள் அழிந்துவிடுமே என்னும் கவலையும் நியாயமானதே. அதற்கும் வழியுண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் காப்புக்காலம் கடந்த நூல்களையும், உரியவரின் இசைவு பெற்ற நூல்களையும் மின்பதிப்பாக்கி வருகிறது. இங்கும் ஆசிரியப் பெருமக்கள் எழுத்தாளருக்கோ அவர்தம் வழியினருக்கோ ஒரு கடிதம் எழுதி இசைவு பெறலாம். நூல் விற்பனையில் இருப்பின் பள்ளி நூலகத்திற்கு வாங்கி வைக்கலாம். நூலைக் காப்பதும் எழுதியவரைக் காப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல என்பதே நம் துணிபு.