கிரந்தி நோயும் தேசத்தின் கணக்கும்

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசக் கூசும் நோய்கள் சில உண்டு. அவற்றுள் முதலிடம் பெறுவது கிரந்தி. மேகப்புண் என்றும் பறங்கிப்புண் என்றும் நம் முன்னோர் வழங்கிய இந்நோயையே டாக்டர்கள் சிபிலிஸ் என்பர். கடல் கடந்து வந்த பறங்கியரால் பரவியது என்று நம்மவர் கருதியதை அப்பெயரே காட்டுகிறது. பிரெஞ்சுக்காரர் இதை நேப்பிள்ஸ் நோய் என்றனர். இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். ஒவ்வொரு நாட்டினரும் அயலார்மேல் பழி சுமத்தினரேயன்றி, தம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாரில்லை. பிழைப்பை நாடி வேற்றூர் வந்து குடியேறிய நமக்கு, இத்தகைய பழி யார் தலையில் எளிதில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பழியைப் போக்கவல்லது கணக்கு ஒன்றே.

எண்ணுவதற்கு முதலில் கருவி வேண்டுமன்றோ? 1905இல் ஜெர்மானிய அறிஞர்களான ஷௌடினும் ஹாஃப்மனும் இந்நோயின் கிருமியைக் கண்டனர். மறு ஆண்டில் வாசர்மன் இரத்தப் பரிசோதனை முறையை வகுத்தார். 1943இல் பென்சிலின் இதைத் தீர்க்கும் என்பது தெளிவாயிற்று. 1946இல் வி.டி.ஆர்.எல். என்னும் எளிய பரிசோதனை வந்தது. இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளின் சீட்டில் காணப்படும் எழுத்துக்கள் இவையே.

ஆயினும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டினால் மட்டும் உண்மை தெரிந்துவிடாது. முதலில் தோன்றும் புண்ணுக்குப் பெரும்பாலும் வலியில்லை. சில வாரங்களில் அது தானே ஆறிவிடும். நோயோ உள்ளே பல ஆண்டுகள் ஒளிந்திருக்கும். ரயில்வேயில் கணக்கெழுதும் எனக்கு இது எளிதில் விளங்குகிறது. விற்ற டிக்கெட்டுகளை எண்ணி, வண்டியில் போனவர் இத்தனை பேர் என்று கூற இயலாது. டிக்கெட்டின்றி ஏறியவர் அக்கணக்கில் வாரார். சில வண்டிகளைத் தேர்ந்து, அவற்றில் உள்ளோர் அனைவரையும் ஒருவர் விடாமல் வரிசையாகச் சோதித்தால்தான் நிலைமை புலப்படும்.

நம் தேசம் கையாளும் வழியும் இதுவே. 1949இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று இமாசலப் பிரதேசத்து மலைக் கிராமங்களுக்குச் சென்று, மக்களின் இரத்தத்தைச் சோதித்துப் பென்சிலின் ஊசி போட்டது. ஆனால் கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் வீடு வீடாகச் செல்வது ஆகுமா? ஆகவே 1998 முதல் எய்ட்ஸ் கிருமியைக் கண்காணிப்பதற்கென நாடெங்கும் ஒரு முறை ஏற்பட்டது. தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரிகளில், கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும் பெண்களுள் வரிசைப்படி 400 பேரின் இரத்தத்தில் ஒரு பகுதி எடுத்து வைக்கப்படும். பெயரும் முகவரியும் நீக்கிய பின்னரே அது ஆராயப்படும். 2021ஆம் ஆண்டுச் சுற்றில் கிரந்தியும், ஈரலைத் தாக்கும் பி, சி வகைக் கிருமிகளும் அக்கணக்கில் சேர்ந்தன. ஆக, ஒரு பெண் தரும் இரத்தம் இரு பணிகளைச் செய்கிறது. பெயரோடு கூடிய சீட்டு அவளைக் காக்கிறது. பெயரில்லாத பகுதி தேசத்துக்கு வழி காட்டுகிறது.

இங்கே ஒன்றை நன்கு உணர வேண்டும். வி.டி.ஆர்.எல். சோதனையில் "உண்டு" என்று வந்தால் உடனே நோய் என்று முடிவு கட்டலாகாது. வேறு நோய்களாலும், சில வேளை கர்ப்பத்தினாலும்கூட அவ்வாறு வரக்கூடும். மற்றொரு பரிசோதனையால் அதனை உறுதி செய்வர். ஒருத்தியின் ஒழுக்கத்துக்கு அச்சீட்டைச் சான்றாகக் கொள்வது அறியாமை. கணவனிடமிருந்து மனைவிக்கு நோய் வந்திருக்கலாம். ஆதலின் சிகிச்சையும் இருவருக்கும் வேண்டும்.

கர்ப்பிணிகளை முதன்மையாகச் சோதிப்பதன் காரணம் கருவிலுள்ள சிசுவே. தாயின் நோய் சிசுவைத் தொற்றினால் கருச்சிதைவு, இறந்து பிறத்தல், குறையுடன் பிறத்தல் ஆகியவை நேரலாம். பென்சிலின் ஊசியோ இவற்றைத் தடுக்க வல்லது. ஆனால் பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே சிகிச்சை தொடங்க வேண்டும். செல்வமும் மருந்தும் மிகுந்த அமெரிக்காவில் 2012இல் இந்நோயுடன் பிறந்த குழந்தைகள் 335. 2022இல் அத்தொகை 3,700ஐத் தாண்டியது. பத்தில் ஒன்பது குழந்தைகளை உரிய காலத்துப் பரிசோதனையாலும் சிகிச்சையாலும் காத்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகளே கூறினர். கணக்கு இருந்தமையால்தான் இக்கேடு வெளிப்பட்டது.

இது நம் குடும்பங்களுக்கு எவ்வகையில் பொருந்தும்? மந்திர் மார்க் சுற்றுவட்டாரத்தில் வசிக்கும் நம் பெண்கள் கருவுற்றதும், சற்றுத் தொலைவிலுள்ள லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆஸ்பத்திரியிலோ வேறிடத்திலோ முதற் பரிசோதனை செய்துகொள்கின்றனர். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறித் தாய்வீடு செல்கின்றனர். பட்டுப் புடவையும் பட்சணமும் மறவாமல் பெட்டியில் ஏறுகின்றன. பரிசோதனைச் சீட்டோ டில்லி வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. புது ஊர் டாக்டருக்கு முன் நடந்தது தெரிவதில்லை. கர்ப்பிணியின் பெயர் இரண்டு ஊர்ப் பதிவேடுகளிலும் இருந்தும் ஒன்றிலும் முழுமை பெறாது போகிறது. அரசாங்கத்தின் கணக்கில் நேரும் இப்பிழையை நாம்தான் திருத்த முடியும்.

ஆகவே மாமியார்மாரும் கணவன்மாரும் மூன்று காரியங்களை மனத்தில் கொள்வது நலம். கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் இரத்தப் பரிசோதனை நடைபெற வேண்டும். ஊருக்குப் புறப்படுகையில் தாய் சேய் அட்டையும் சீட்டுகளும் கைப்பையில் இருக்க வேண்டும். நகல் ஒன்று வீட்டில் இருப்பதும் நன்று. ஊர் சேர்ந்ததும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டு அவற்றைக் காட்ட வேண்டும். கணவனுக்குப் பரிசோதனை வேண்டுமென்று டாக்டர் சொன்னால் மறுக்காமல் செல்வதே ஆண்மைக்கு அழகு.

நாணம் நல்ல குணமே. எனினும் பிறக்கப்போகும் குழந்தையின் கண்ணையும் உயிரையும் விலையாகக் கேட்கும் நாணம் நமக்கு வேண்டாம்.