கம்பி ஒன்று, பாதை இரண்டு

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகள் ஓடுவது இன்று சாதாரணம். ஆனால் பல நிறுவனங்களில் அவற்றின் வட்டு அந்த சர்வரில் இல்லை. தனியே நிற்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கிறது. சர்வர் பழுதானாலும் அதே கணினிகளை இன்னொரு சர்வரில் எழுப்பிவிடலாம் என்பதே லாபம். அதற்கு ஈடாக, கணினிக்கும் வட்டுக்கும் நடுவே நெட்வொர்க் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இணையப் பக்கம் கொஞ்சம் தாமதித்தால் யாரும் பதறுவதில்லை. வட்டு அப்படியல்ல. லினக்ஸ் வழக்கமாக ஒரு வட்டுக் கட்டளைக்கு 30 நொடி காத்திருக்கும். பதில் வராமலே போனால், வட்டே கெட்டுவிட்டதென முடிவுகட்டி எழுதுவதை நிறுத்திவிடுவதும் உண்டு. ஸ்டோரேஜுக்குத் தனிப் பாதை கேட்பது இதனால்தான்.

பாதை சர்வருக்குள்ளேயே தொடங்குகிறது. அங்கே மென்பொருளாலான சுவிட்ச் ஒன்று உண்டு: விஎம்வேரில் விசுவிட்ச், லினக்ஸில் பிரிட்ஜ் அல்லது ஓப்பன் விசுவிட்ச். போக்குவரத்தைப் பிரிப்பது வி-லான். 1998-ல் வந்த 802.1கியூ தரம், ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமிலும் 4 பைட் டேக் ஒன்றைச் செருகுகிறது. அதில் வி-லான் எண்ணுக்கு 12 பிட். ஒதுக்கிய இரண்டு போக 4,094 எண்கள் நம் கையில். அலுவலகத்துக்கு 10, ஸ்டோரேஜுக்கு 20 என்று வைத்து, வெளி சுவிட்சில் பல வி-லான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் இரண்டையும் அனுமதித்தால் வேலை முடிந்தது.

ஸ்டோரேஜோடு யார் பேசுவது? சர்வரே ஐஸ்கஸி அல்லது என்எஃப்எஸ் என்ற ஸ்டோரேஜ் நெறிமுறை வழியே பேசி, மெய்நிகர் கணினிக்கு வட்டை மட்டும் காட்டலாம். அப்போது 20-ஆம் வி-லான் இருப்பதே அந்தக் கணினிக்குத் தெரிய வேண்டாம். கணினியே நேராகப் பேச வேண்டுமானால், அந்த வி-லானில் அதற்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு தர வேண்டும். உள்ளே வைரஸ் புகுந்தால் அதுவும் ஸ்டோரேஜ் வாசல்வரை வந்துவிடும்.

பலர் ஏமாறுவது ஒன்றில்தான்: வி-லான் போக்குவரத்தைப் பிரிக்கும், கம்பியை அகலப்படுத்தாது. ஒரே 1 கிகாபிட் கம்பியில் பேக்கப்பும் வட்டும் முட்டிக்கொண்டால், எண் வேறாக இருந்து பயனில்லை. ஐஸ்கஸிக்கு இரண்டு தனி கார்டு, இரண்டு சுவிட்ச், இரு வழியையும் பயன்படுத்தும் மல்டிபாத் என்பதே நிம்மதி. வி-லான் தரவை மறையாக்கம் செய்வதும் இல்லை.

வேகத்துக்காக எம்டியூ-வை, அதாவது ஒரே பாக்கெட்டில் போகும் அதிகபட்ச பைட் அளவை, 9000 ஆக்கினால், வழியிலுள்ள எல்லாக் கருவியிலும் ஆக்க வேண்டும். ஓரிடத்தில் 1500 என நின்றாலும் சாதாரண பிங் போகும், வட்டு திணறும். துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் ஒன்று அனுப்புங்கள். பதில் வந்த பிறகு முதல் மெய்நிகர் கணினியை ஏற்றலாம்.