படக்கதைக்குள் ஒரு பம்ப்செட்

தொழில்நுட்ப அறிவின் பெரும்பகுதி செயல்வரிசை பற்றியது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, வரிசை பிசகினால் பொறிக்குள் என்ன நிகழும் என்பவற்றை, கட்டங்களாகப் பிரித்த படங்களும் பேச்சுக் குமிழ்களும் இணைந்த படக்கதை தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கண் நகர்வதே ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குச் செல்வதாக அமைவதுதான் இதற்குக் காரணம்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள கூமாப்பட்டி போன்ற ஊர்களின் கிணற்றுப் பாசனத்துக்கு உதவும் பம்ப்செட்டைக் கொண்டு இதை விளக்கலாம். மையவிலக்குப் பம்பினுள் சுழலும் இதழ்ச்சக்கரம் நீரை வெளிப்புறமாக வீசியெறிய, நடுவில் அழுத்தம் குறைகிறது. அப்போது கிணற்று நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்றின் அழுத்தம் நீரைக் குழாய்வழியே மேலேற்றுகிறது. காற்று நீரைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி குறைந்தது என்பதால், பம்பினுள் காற்று நிறைந்திருந்தால் சக்கரம் எவ்வளவு சுழன்றும் போதிய அழுத்தக் குறைவு உண்டாவதில்லை. குழாயின் அடியில் உள்ள ஃபுட்வால்வு நீரை மேல்நோக்கி மட்டுமே விடும் அடைப்பான். அதில் மணல் சிக்கினால், மோட்டார் நின்றபின் குழாய் நீர் கிணற்றுக்கே வடிந்துவிடும். மறுநாள் நீர் ஊற்றி நிரப்பாமல் மோட்டாரைப் போட்டால் தண்ணீர் ஏறாது, சீலும் சூடேறிக் கெடும். புகைப்படத்தில் குழாயின் வெளிப்புறம் மட்டுமே தெரியும். ஓவியரோ குழாயை வெட்டித் திறந்து, சிக்கிய மணலையும் வடியும் நீரையும் அடுத்தடுத்த கட்டங்களில் காட்டிவிடுவார்.

அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர் இந்த ஆற்றலை முறையாகப் பயன்படுத்தினார். படைவீரர்களுக்குக் கருவிப் பராமரிப்பைக் கற்பிக்க 1951-இல் தொடங்கிய 'பி.எஸ்.' இதழின் படக்கதைகளை 1971 வரை உருவாக்கிய அவர், ஜோ டோப் என்ற கவனக்குறைவான வீரனைத் தவறு செய்யவிட்டு, அதன் விளைவைக் கதையாக்கினார். இதுவே முறையின் உயிர். பாடநூல் வரிகளைப் பாத்திரங்களின் வாயில் திணிப்பதால் மட்டும் படக்கதை உருவாகிவிடாது.

கூமாப்பட்டி அமைந்துள்ள அதே விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியிலிருந்துதான் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி' கதையுடன் முத்து காமிக்ஸும், 1984-இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் கட்டங்களில், வரையப்படாத உடலைத் தாமாகவே நிரப்பிக்கொள்ள அக்கதைகளின் வாசகர்கள் பழகியிருந்தனர். ஃபுட்வால்வின் உட்புறத்தைக் கோட்டோவியமாகக் கண்டு இயக்கத்தை மனத்தில் நிறைவுசெய்துகொள்வதற்கும் வேண்டிய திறன் அதுவே. ஆகவே, மெயின் ஸ்விட்சை நிறுத்துவதில் தொடங்கி, குழாயில் நீர் நிரப்புவதை முடித்தபின்பே மீண்டும் போடுவது வரை செல்லும் ஒரு பம்ப்செட் படக்கதையைத் தமிழில் வரைய, இம்மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது.