தொய்வில் இருக்கிறது சூட்சுமம்

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியைத் தொய்வே இல்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டிப் பாருங்கள். நனைந்த போர்வையைப் போட்டதுமே சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்சம் தளரக் கட்டிய கொடியோ அதே போர்வையைச் சாயங்காலம் வரை தாங்கும். கம்பியில் ஆளைத் தொங்கவிட்டுச் சறுக்கிப் போகவிடும் ஜிப்லைனை அமைக்கும் பொறியாளர் மல்லுக்கட்டுவதும் இந்தத் தொய்வோடுதான்.

இரு முனையும் ஒரே உயரத்தில் உள்ள 100 மீட்டர் கம்பியின் நடுவில் 80 கிலோ ஆள் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பி 5 மீட்டர் தொய்ந்தால், அதன் சொந்த எடையை விட்டுவிட்டாலும், இழுவிசை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம். 1 மீட்டர்தான் தொய்கிறது என்றால் 2,000 கிலோ!

ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், ஜெபல் ஜைஸ் மலையில் 2018இல் திறந்த ஜிப்லைனின் நீளம் 2.83 கி.மீ. அப்போது கின்னஸ் கணக்கில் உலகிலேயே நீளமானது. சுமார் 1,680 மீட்டர் உயரத்தில் ஆளைக் குப்புறத் தொங்கவிட்டு, தலை முன்னால் போக அனுப்புகிறார்கள். மணிக்கு 120 கி.மீ.க்கு மேல் வேகம். மோட்டார் கிடையாது, புவியீர்ப்புதான் எல்லாம்.

எடை எதுவானாலும் ஒரே வேகத்தில் விழும் என்று பள்ளியில் படித்தது இங்கே பலிக்காது. காற்று குறுக்கே நிற்கிறதே! குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் காற்றில் மோதும் பரப்பு அவ்வளவாக வேறுபடாது, எடை வேறுபடும். அதனால் கனத்த ஆள் முந்துவார். (எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.) குப்புறப் படுக்கவைப்பதும் காற்றின் தடையைக் குறைக்கத்தான்.

வந்தவரை நிறுத்த வேண்டுமே. சின்ன ஜிப்லைன்களில் தடித்த தோல் கையுறையால் கம்பியை அழுத்தினாலே போதும். பெரியவற்றில் சுருள்வில், சிலவற்றில் காந்த பிரேக். காந்தங்களுக்கு நடுவே சுழலும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். வேகமாக வந்தால் பிடியும் அதற்கேற்ப இறுகும். ஒன்றையொன்று தொடாததால் உராய்ந்து தேய்வதில்லை.

தொய்வும் ஒரு பிரேக்தான். கம்பியின் தாழ்ந்த இடத்தைத் தாண்டியபின் பல ஜிப்லைன்களில் கடைசிச் சில மீட்டர் மேடேறும். வேகம் தானாகக் குறையும். எடை குறைந்தவருக்கு இதுவே வினையாகும். மேடைக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று, மெல்லப் பின்னால் உருண்டு, தொய்வின் அடியில் போய்த் தொங்குவார். வழிகாட்டி கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துத் தொங்கியபடி வந்து இழுத்துப் போவார்.