உங்களுக்குத் தெரியுமா? தூசியை எண்ணும் கருவி
ஓட்டுக்கூரை இடுக்கில் நுழையும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். துகள் எண்ணும் கருவி செய்வதும் அதே வித்தைதான்; வெயிலுக்குப் பதில் லேசர். ஒவ்வொரு துகளும் சிதறடிக்கும் ஒளியை வைத்து எண்ணிவிடும்.

தடுப்பூசி மருந்தைக் குப்பியில் நிரப்பும் இடத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. தாராளமாகத் தோன்றுகிறதா? நாம் உட்கார்ந்திருக்கும் அறையில் கோடிக்கணக்கில்கூட இருக்கும்!

முகக்கவசம் முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கவும் துகளைத்தான் எண்ணுகிறார்கள். கவசத்தில் சிறு குழாயைச் செருகி, உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று ஒப்பிடுவார்கள். அமெரிக்க விதிப்படி என்95 கவசத்துக்கு வெளியே 100 என்றால் உள்ளே 1-க்கு மேல் ஆகாது. தாடிக்காரர்களைச் சோதனைக்கே எடுப்பதில்லை. முடி இடுக்கில் காற்று கசிந்துவிடும்.