களையும் கதிரும்: கணினிக் காவலன் அழிக்கும் கோப்புகள்

தொப்பம்பட்டி ஒன்றியத்துச் சிற்றூர்களிலும் கணினி இன்று புதுமைப் பொருளன்று. பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், இ-சேவை மையத்துச் சான்றிதழ், பங்கு அலுவலகத்தின் திருமுழுக்குப் பதிவு ஆகியவை அதன் வழியே நடைபெறுகின்றன. அப்பணிகளுக்கிடையே வைரஸ் தடுப்பு மென்பொருள், “தற்காலிகக் கோப்பு ஒன்று நீக்கப்பட்டது” என்று அறிவிக்கிறது. சற்று நேரத்தில் அதே கோப்பு மீண்டும் தோன்றுகிறது, மீண்டும் அழிக்கப்படுகிறது. சிலர் அஞ்சுகின்றனர், சிலர் சலிப்புற்றுக் காவலையே நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் நன்றன்று. அக்கோப்பை உண்டாக்குவது யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தற்காலிகக் கோப்பு என்பது யாது? அறுத்த சோளக் கதிரை நாம் உடனே வீட்டுக்குள் கொண்டு செல்வதில்லை; களத்தில் இட்டு, அடித்துத் தூற்றிய பின்னரே தானியம் வீடு சேர்கிறது. கணினிக்கும் அத்தகைய களம் உண்டு. ‘டெம்ப்’ எனும் அக்கோப்புறையில்தான் மென்பொருள்கள் தம் கட்டுகளை அவிழ்க்கின்றன. மின்னஞ்சலிலிருந்து நேரே திறக்கும் இணைப்புகளும், ‘ஜிப்’ கட்டிலிருந்து திறக்கும் கோப்புகளும் பெரும்பாலும் அங்கேயே தங்குகின்றன. களம் திறந்தவெளியாதலால் கள்வனும் அங்கே எளிதில் நுழைகிறான். மேலாளர் அனுமதியின்றியே எழுத இயலும் இடமாகையால், தீய நிரல்களும் அதையே நாடுகின்றன. ஆகவே காவலன் அங்குக் கூடுதல் விழிப்புடன் இருப்பதில் வியப்பில்லை.

ஆயினும் காவலனும் தவறக் கூடும். சென்னையில் 1991-இல் தொடங்கப்பெற்ற கே7 முதலாக உலகில் இத்தகைய நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றின் மென்பொருள்கள், அறிந்த தீய நிரலின் அடையாளத்தையும், ஐயத்திற்குரிய நடத்தையையும் கொண்டே தீர்ப்பிடுகின்றன. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே வைரஸ் எனக் கருதியது. பல நாடுகளில் கணினிகள் செயலிழந்தன. களையைப் பறிக்கும் அவசரத்தில் பயிரும் போய்விடக் கூடும் என்பதை மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் உவமையாகக் கூறியிருப்பதை நாம் அறிவோம்.

இதற்காகவே ‘குவாரன்டைன்’ எனும் ஏற்பாடு உள்ளது. பழங்காலத்தில் கொள்ளைநோய்க்கு அஞ்சி, துறைமுகங்களில் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி வைத்த வழக்கத்தினின்று பிறந்த சொல் இது. ஐயத்திற்குரிய கோப்பை உடனே அழியாது, இயங்காதபடி சிறை வைத்தலே அதன் பொருள். தானாக நீக்குமாறு அமைந்திருப்பின், முதலில் இம்முறைக்கு மாற்றிக்கொள்வோம்.

அடுத்து, பாதுகாப்பு மென்பொருளின் வரலாற்றுப் பகுதியைத் திறந்து நோக்குவோம். விண்டோஸில் இது ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ எனப்படும். கோப்பின் பெயர், இருந்த இடம், சாட்டப்பட்ட குற்றம் மூன்றையும் குறித்துக்கொள்வோம். குறிப்பிட்ட மென்பொருளைத் திறக்கும்போது மட்டும் கோப்பு தோன்றுகிறதா? அம்மென்பொருள் உரிய நிறுவனத்தினின்று பெற்றதா? இரண்டுக்கும் ஆம் எனில், அது வீண்பழியாக இருக்கக் கூடும். இரு தரவையும் புதுப்பித்து மீண்டும் சோதித்து, காவல் நிறுவனத்திற்கே அக்கோப்பை அனுப்பிக் கேட்கலாம். குற்றமற்றது என உறுதியான பின்னரே விலக்கு அளித்தல் வேண்டும். அதுவும் அக்கோப்புக்கு மட்டுமே. ‘டெம்ப்’ முழுவதற்கும் விலக்களிப்பது, களத்தின் காவலை அடியோடு நீக்குவதாகும். குடும்ப விவரமோ பங்குப் பதிவோ அடங்கிய கோப்பைப் பொதுச் சோதனைத் தளங்களில் ஏற்றலாகாது. அங்கே ஏற்றியவை பிறர் கையையும் அடையக் கூடும்.

எம்மென்பொருளும் திறவாதபோதும் கோப்பு தோன்றுமாயின், கணினி தொடங்கும்போதே தாமாக இயங்கும் நிரல்களை ஆராய்தல் நலம். விண்டோஸ் எழுமுன்னரே நடைபெறும் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ இத்தகைய ஒளிந்த தீமையைக் கண்டறிய உதவும். விலையின்றிக் கிடைக்கிறதென்று பூட்டுடைத்த மென்பொருளை நிறுவுவோர் இத்துன்பத்தைத் தாமே அழைத்து வருகின்றனர். ஏழாம் கட்டளை கணினிக்கும் உரியதே. இரு நிறுவனங்களின் காவல் மென்பொருள்களை ஒருங்கே இயக்குவதும் தொல்லைக்கு இடமாகும்; ஒன்றின் பணிக்கோப்பை மற்றொன்று ஐயுறக் கூடும்.

இறுதியாக ஒன்று. களத்தில் கிடக்கும் தானியம் நம் கைக்கு வந்த தானியமன்று. மின்னஞ்சலில் வந்த பதிவேட்டை நேரே திறந்து திருத்தாமல், முதலில் நிலையான கோப்புறையில் சேமித்துவிட்டுப் பின்னர் பணியாற்றுவோம்; அதன் நகலைத் தனி வட்டிலும் வைப்போம். அவ்வாறு செய்யின், காவலன் தவறினாலும் ஒரு குழந்தையின் திருமுழுக்குப் பதிவோ, ஒரு மாணவியின் விண்ணப்பமோ அழிந்துபோகாது.